பதினைந்தாவது குச்சி

மகனே,

விருதுநகர் ஜங்ஷனில் உன் பெட்டியின் ஜன்னலோரம் நான் நின்றபோது, "அம்மா, பேச்சியம்மாள் அக்காவைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டாய். "சிக்னல் விழுந்துருச்சு, கையை உள்ளே எடு" என்றேன். சிக்னல் விழவில்லை என்பது உனக்கும் தெரியும். நீ புனே போய்ச் சேர்ந்து இருபது நாளாகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்கிறாய். நானும் "எல்லாம் சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சில விஷயங்கள் எனக்குப் பேச்சில் வராது. எழுதினால்தான் ஒழுங்காக வரும், அதுவும் ஒரு தடவை அடித்துத் திருத்தி எழுதினால். இது திருத்தி எழுதிய பிரதி. நிதானமாகப் படி.

முதலில் என் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் எப்படி நினைத்தேன் என்பது உனக்குத் தெரியாது. உன் அப்பா தவறி, தீப்பெட்டிக் கம்பெனி என் கைக்கு வந்தபோது, கம்பெனியில் ஒரு பெண்பிள்ளைக்கும் என்னிடம் பயமில்லை. புத்தகம் படித்த அம்மா, நாலு மாதத்தில் விற்றுவிட்டுப் போய்விடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் கணக்கு சிஸ்டர் விடைக்குக் கீழே இரட்டைக்கோடு போடாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பார். அந்த ஒழுங்கை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சட்டம் அடுக்கும் பெண்கள் முப்பது பேர். குச்சியை மரச்சட்டத்தில் மட்டமாக அடுக்கி முக்கினால்தான் மெழுகும் மருந்தும் எல்லாக் குச்சிக்கும் ஒரே மாதிரி ஏறும். கை ஏறி இறங்கினால் சில குச்சிக்கு மருந்து பேருக்குத்தான் ஒட்டும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொருத்தியின் சட்டத்திலிருந்தும் நூறு குச்சி எடுத்து, நானும் சூப்பர்வைசரும் முற்றத்தில் உட்கார்ந்து உரசிப் பார்ப்போம். பற்றாதது, தலை தெறிப்பது, பற்றியும் உடனே அணைவது எல்லாம் கழிவு. நூற்றுக்குப் பத்து கழிவு சாதாரணம். பதினைந்து தொட்டால், அவள் பெயரை முற்றத்துப் போர்டில் சாக்பீஸால் எழுதுவேன். அடுத்த வாரம் முழுக்க அவள் சட்டத்தைத் தொடக் கூடாது, லேபிள் ஒட்டப் போக வேண்டும். பத்துக்குப் பாதி சேர்த்தால் பதினைந்து. அந்த எல்லையை அப்படித்தான் முடிவுசெய்தேன். நியாயமாகவும் கண்டிப்பாகவும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது வேலையும் செய்தது, அல்லது செய்வதாக எனக்குத் தெரிந்தது. போர்டில் பெயர் ஏறியவள் லேபிள் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தால், அடுத்த உரசலில் ஒன்பது, பத்து, பதினொன்று என்று அடங்கிவிடுவாள். பார்த்தீர்களா என்று மனதுக்குள் மார் தட்டிக்கொள்வேன். ஆரம்பத்தில் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். நாலு, ஐந்து என்று மிகக் குறைவாக வந்தவளுக்கு எல்லார் முன்னாலும் ஒரு முழம் மல்லிகை கொடுப்பேன். பூ வாங்கியவள் அடுத்த வாரமே பத்துக்கு ஏறிவிடுவாள். இப்படியே நடக்க, பாராட்டினால் கை தளர்ந்துபோகிறது என்று பூவை நிறுத்திவிட்டேன். போர்டு மட்டும் நின்றது.

பேச்சியம்மாள் உன் அப்பா காலத்து ஆள், பதினோரு வருடம் சட்டம் அடுக்கியவள். மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவாள். நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன்னை "எளைச்சுப் போயிட்டீக தம்பி" என்று சொல்பவள், நீ எவ்வளவு பருத்திருந்தாலும் சரி. நீ இந்தத் தடவை வருவதற்கு மூன்று வாரம் முன்னால் அவளுக்குப் பதினேழு வந்தது. லேபிள் ஒட்டப் போனாள். திரும்பி வந்த சனிக்கிழமை மறுபடி பதினைந்து. அதில் பதினைந்தாவது குச்சி பற்றிக்கொண்டு, ஒரு நொடி நீலமாக நின்று அணைந்தது. அதைக் கழிவில் போடலாமா வேண்டாமா என்று சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். நான் போட்டேன்.

"பேச்சி, பதினோரு வருசத்துக் கை எங்க போச்சு?" என்று முப்பது பேர் நடுவில் கேட்டேன்.

"கை இங்கனதான் இருக்கு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நீங்க குச்சியத்தானே பாக்கீக, கைய என்னைக்குப் பாத்தீக?"

"எனக்குக் கணக்குத் தெரியும். பதினேழு, பதினஞ்சு. இதுக்குப் பதில் சொல்லு."

"பதினேழும் பதினஞ்சுமா வந்து சட்டம் அடுக்குது? நாந்தானே அடுக்குதேன்!"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டுவிட்டது. நானே எழுந்து போய் அவள் பெயரைப் போர்டில் பெரிதாக எழுதினேன். அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, வேனில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் வரை இறங்கவில்லை. திங்கட்கிழமை வரவும் இல்லை.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது. அந்த வாரமே சாத்தூர் ரோட்டில் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். "பேச்சியம்மான்னு ஒரு பொம்பள வேலை கேட்டு வந்திருக்கு. உங்ககிட்ட இருந்துச்சாம்ல. கை எப்படிம்மா?" என்றார். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முன்ன நல்லாருந்துச்சு. இப்பச் சொல்றதுக்கில்ல" என்றேன். திட்டியிருந்தால்கூட அவர் என் கோபம் என்று விட்டிருப்பார். நான் நிதானமாகச் சொன்னதால் நம்பிவிட்டார். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் ஒரு கம்பெனியில் கை சரியில்லை என்று சொன்னால் அது எத்தனை கம்பெனிக்குப் போகும் என்று உனக்கே தெரியும். வேறு தொழில் தெரியாத ஒருத்தியின் பெயரை நான் ஒரு வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். இரண்டு வருடத்து உரசல் நோட்டு இரண்டையும் கூடத்துப் பலகையில் பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட வராமல் புரட்டிக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: "அம்மா, முப்பது பேருக்கும் ஒரே மாதிரி நல்ல கைன்னு வச்சுக்குவோம். யாரும் எந்தத் தப்பும் பண்ணலை. எல்லாருக்கும் நூத்துக்குப் பத்துதான் கழிவு. அப்போ வாரத்துக்கு எத்தனை பேர் போர்டுல ஏறுவாங்க?"

"ஒருத்தியும் ஏற மாட்டா" என்றேன். பத்து என்றால் பத்துதானே என்பது என் எண்ணம்.

நீ சிரிக்கவில்லை. அதற்கு உனக்கு நன்றி. ஒவ்வொரு குச்சியும் பற்றும் அல்லது பற்றாது, பற்றாமல் போக வாய்ப்பு பத்தில் ஒன்று, இப்படி நூறு தடவை என்றால் அது ஈருறுப்புப் பரவல் என்று சொன்னாய். பைனாமியல் எனக்கும் தெரியும் என்று நான் வீம்பாக என் பழைய லாக் டேபிளை எடுத்து வந்து உட்கார்ந்ததும் உனக்கு நினைவிருக்கும். பதினைந்துக்கு ஒரு தடவை, பதினாறுக்கு ஒரு தடவை, பதினேழுக்கு ஒரு தடவை. இப்படி நூறு வரை எண்பத்தாறு தடவை போட்டுக் கூட்ட வேண்டும். மூன்றாவதிலேயே என் கண்ணாடி வியர்த்துவிட்டது. "இத்தனையும் வேண்டாம்மா" என்று நீ ஒரு தாளில் மலை மாதிரி ஒரு வளைவு வரைந்தாய். நூறை வாய்ப்பால் பெருக்கினால் சராசரி பத்து. அந்தப் பத்தைப் பற்றும் வாய்ப்பால், அதாவது பத்தில் ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது. அதன் வர்க்கமூலம் மூன்று, அதுதான் திட்டவிலக்கம், எண்கள் பத்திலிருந்து சாதாரணமாக விலகும் அளவு. பற்றாதது பத்து, பற்றுவது தொண்ணூறு, இரண்டும் ஐந்துக்கு மேலே இருப்பதால் கட்டங்கட்டமாக நிற்கும் அந்தப் பரவலுக்குப் பதிலாக இந்த வழுவழுப்பான இயல்நிலை வளைவை நம்பலாம் என்றாய். அதுவரை சரி. பிறகு பதினைந்து என்று எழுதாமல் பதினாலரை என்று எழுதினாய்.

"ஏலே, பதினாலரைக் குச்சி எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டேன். விடையைச் சரிக்கட்டுகிறாய் என்றே நினைத்தேன்.

அதற்கு நீ வளைவின் மேலேயே கட்டங்களை வரைந்து காட்டினாய். குச்சிகளை எண்ணும்போது பதினைந்து என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு கட்டம். அந்தக் கட்டம் பதினாலரையில் தொடங்கிப் பதினைந்தரையில் முடிகிறது. வழுவழுப்பான வளைவில் அதன் பரப்பை எடுக்க வேண்டுமென்றால் கட்டம் தொடங்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். அந்த அரையை விட்டுவிட்டால் பதினைந்து வாங்கியவளில் பாதியை விட்டதுபோல் ஆகும் என்றாய். பதினாலரையில் பத்து போனால் நாலரை. மூன்றால் வகுத்தால் ஒன்றரை. அட்டவணையில் ஒன்றரைக்கு மேலே மிஞ்சுவது நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு. முப்பது பேரில் அது இரண்டு பேர். நான் சந்தேகப்படுவேன் என்று தெரிந்து, எண்பத்தாறையும் நிஜமாகக் கூட்டினால் ஏழுக்குச் சற்று மேலே வரும், வளைவு அவ்வளவுதான் ஏமாற்றும் என்றும் சொன்னாய். விடையின் கீழே இரட்டைக்கோடு போட்டாய். அது எனக்காகப் போட்டது என்று எனக்குத் தெரியும்.

நீ கடைக்குப் போனபின் நான் நோட்டை எடுத்துப் பெயர்களை எண்ணினேன். ஒரு வாரம் ஒருத்தியும் இல்லை. ஒரு வாரம் நாலு பேர். பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டி வகுத்தால் இரண்டுக்கு மிக அருகில் வந்து நின்றது. முப்பது பேரில் போர்டில் ஏறாதவள் ஒருத்திகூட இல்லை. பேச்சியம்மாளின் இரண்டு வருட எண்களைத் தனியாகக் கூட்டினேன். சராசரி ஒன்பதரை. எல்லாரையும்விட ஒரு இம்மி நன்றாகவே அடுக்கியிருக்கிறாள். நான் கண்டிப்பு என்று நினைத்தது வாரத்துக்கு இரண்டு பேரைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்ததைத் தவிர வேறில்லை. லேபிள் ஒட்டியதால் யாரும் திருந்தவில்லை. திருந்த ஒன்றுமே இல்லை. பதினேழு வந்தவளுக்கு அடுத்தது பத்தை ஒட்டி வருவதுதான் இயல்பு. அதேபோல் நாலு வந்தவளுக்கும். என் மல்லிகைப்பூவின் மேல் எந்தப் பழியும் இல்லை.

இங்கே உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக் காலாண்டில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினாய். தெருவில் எல்லாரிடமும் சொல்லி, உனக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தந்தேன். அரையாண்டில் எண்பத்தொன்பது. கடிகாரம்தான் உன்னைக் கெடுத்தது என்று முடிவுகட்டினேன். அதன்பிறகு நீ எவ்வளவு வாங்கினாலும் "ம்" என்று மட்டும் சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று நீ பேப்பரை என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாய். நான் கையெழுத்து போடுவதுபோலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன்னைக் கீழே விழாமல் பிடித்திருக்கிறேன் என்ற நினைப்பு. ஒரு தேர்வு மேலே போகும், அடுத்தது கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான் என்று அன்று யாராவது எனக்கு ஒரு மலையை வரைந்து காட்டியிருக்கலாம். மகனே, அது நல்ல மதிப்பெண். நீ நன்றாகப் படித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பதினாலு வருடம் தாமதமாகச் சொல்கிறேன், ஆனால் முழுதாகச் சொல்கிறேன்.

நீ ரயிலேறிய மூன்றாம் நாள்தான் எனக்குத் தைரியம் வந்தது. காரில் போனால் முதலாளி வந்ததுபோல் இருக்கும் என்று, காலையில் ஆட்களை ஏற்றி வரக் கிளம்பும் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வெலவெலத்துப் போனான். "அம்மா, இது தூக்கித் தூக்கிப் போடும். இடுப்பு கழண்டுரும்" என்றான். "என் இடுப்ப நான் பாத்துக்கிறேன், நீ ரோட்டப் பாரு" என்றேன். ஆனால் அவன் சொன்னது உண்மை. வழியில் ஏறிய பெண்கள் என்னைப் பார்த்ததும், அதுவரை பேசிவந்த பேச்சை அப்படியே விழுங்கிக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்றாள். வந்தவரை வா என்று சொல்லியாக வேண்டுமே என்று சொன்ன "வாங்க". நான் நின்றபடியே, தப்பு என் மேல் என்றேன்.

"யாரு சொன்னா?"

"என் மகன் கணக்குப் போட்டுச் சொன்னான்."

கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப தம்பி கணக்குப் போடலேன்னா, தப்பு என் மேலயே இருந்திருக்குமாக்கும்?"

வழியெல்லாம் வேறு பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். "இருந்திருக்கும்" என்றேன். அதுதான் உண்மை.

என்ன நினைத்தாளோ, ஒரு மனைப்பலகையை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். அண்ணாச்சியிடம் போனில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவள் முகம் மாறியது. "அதுவும் நீங்கதானா? நான் அந்தக் கம்பெனி வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேன்ம்மா" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வேனில் ஹாரன் அடித்தார்கள். நான் கிளம்பும்போது, "எங்கன வச்சு என்னையச் சொன்னீகளோ, அங்கன வச்சு இதச் சொல்லுங்க. சனிக்கிழம வாரேன்" என்றாள். அன்று கம்பெனிக்கு வந்து முதல் வேலையாக அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நான் சொன்னது தப்பு, அவள் கை என்னிடம் இருந்த முப்பது கைகளில் நல்ல கை, நோட்டைக் கொண்டுவந்து காட்டவும் தயார் என்றேன். "அம்புட்டுச் சொல்ல வேண்டாம்மா" என்று அவர் கூச்சப்பட்டார். அவ்வளவும் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வந்தாள். வேலைக்கு வருபவளாக இல்லை, நல்ல சேலை கட்டிக்கொண்டு, விசேஷத்துக்கு வருபவள்போல வந்து நின்றாள். நான் போர்டைத் துடைத்துவிட்டு உன் மலையை வரைந்தேன். பத்தில் உச்சி. பதினைந்துக்கு அப்பால் சின்னச் சரிவு. யார் தப்பும் இல்லாமலே வாரத்துக்கு இரண்டு பேர் இந்தச் சரிவில் வந்து விழுவார்கள், பேச்சியம்மாள் அப்படித்தான் விழுந்தாள், அவளைப் பேசியது என் தப்பு என்றேன். அடுத்தடுத்து இரண்டு தடவை விழுவது அபூர்வம்தான், ஆனால் முப்பது பேர் வருடம் முழுக்க உரசக் கொடுத்தால் யாராவது ஒருத்திக்கு அதுவும் நடக்கத்தான் செய்யும் என்றேன்.

பின்வரிசையிலிருந்து செல்வி, போன வருடம்தான் சேர்ந்தவள், "அப்ப நாங்க இம்புட்டு நாளா லேபிள் ஒட்டுனது சும்மாவாம்மா?" என்றாள்.

"சும்மாதான்" என்றேன்.

பிறகு ஒருத்தி, "நான் ஒம்போது வாட்டி ஒட்டிருக்கேன்" என்றாள். "நான் பன்னெண்டு" என்றாள் இன்னொருத்தி. "போடி, ஒனக்கு ஒட்டுறதுதான் பிடிக்கும், ஒக்காந்து கத பேசலாம்ல" என்றாள் மூன்றாமவள். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இந்தத் தடவை அது சுடவில்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. முப்பது பேரையும் நான் ஒருத்தியாகத் தூக்கி நிறுத்தவில்லை, அவர்கள் பாட்டுக்கு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள் என்று தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. போர்டை நெருங்கிப் போய்ப் பார்த்தாள். "அப்ப எம்புட்டு வந்தாத்தான் ஆளக் கேக்கணும்?" என்றாள். இருபது என்றேன். யார் தப்பும் இல்லாமல் இருபது தொடுவது, முப்பது பேரையும் சேர்த்தால்கூட, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் நடக்கும். அப்படி வந்தாலும் முதலில் மெழுகைப் பார், குச்சி ஈரமா என்று பார், கடைசியில்தான் கையைப் பார் என்றேன். முன்பு ஒரு மழை வாரத்தில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வந்ததும், அவளையும் பதினைந்து வாங்கியவளையும் ஒரே வரிசையில் எழுதியதும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

"அந்த மலைய ஒரு தாள்ல வரைஞ்சு குடுங்க" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"திங்கக்கெழமைல இருந்து அண்ணாச்சி கம்பெனிக்குப் போறேன். சூப்பர்வைசரா வரச் சொல்றாக. அங்கயும் உரசத்தான செய்வாக."

அவள் திரும்பி வருவாள் என்றுதான் இருந்தேன். அவள் சட்டத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஆனால் என் வாயால் மூடிய வாசலை என் வாயாலேயே திறந்தபின், அவள் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வரைந்து கொடுத்தேன். இருபதில் ஒரு கோடு போட்டேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "தம்பிட்ட கேட்டதாச் சொல்லுங்க. எளைச்சுறப் போறாக" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை. உரசி முடித்து எண்களை வாசித்தேன். செல்விக்குப் பதினாறு. நான் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அவள் எழுந்து, தலையைக் குனிந்தபடி, போர்டுக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி அது?" என்றேன்.

"பேர் எழுதத்தானேம்மா?"

"பதினாறுதானே. வச்சுட்டுப் போ. டீ ஆறுது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சாக்பீஸை வைத்தாள். இரண்டடி போய், நம்பாமல் திரும்பிப் பார்த்தாள். நான் நோட்டில் பதினாறு என்று எழுதி, மை காயட்டும் என்று அப்படியே திறந்து வைத்துவிட்டு, அவளோடு டீ குடிக்கப் போனேன்.

உன் அம்மா